பழைய கம்பெனி மேல் கேஸ், புது வேலைக்கு ரெஃபரன்ஸ்

தம்பி, பிரிட்டனில் பழைய கம்பெனி மேல் வேலைத் தகராறுகளை விசாரிக்கும் ட்ரிப்யூனலில் கேஸ் போட்டிருக்கிறீர்கள், புது வேலைக்கு ரெஃபரன்ஸ் (நீங்கள் அங்கே வேலை பார்த்தது பற்றிப் பழைய கம்பெனி தரும் சான்று) கேட்டால் அவர்கள் கெடுத்துவிடுவார்களோ என்று பயப்படுகிறீர்கள்.

பிரிட்டனில் பெரும்பாலான வேலைகளுக்கு, ரெஃபரன்ஸ் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. கொடுத்தால் உண்மையாக, நியாயமாக இருக்க வேண்டும். ஆனால் பாகுபாடு என்று கேஸ் போட்ட ஆத்திரத்தில் தர மறுத்தாலோ கெடுத்து எழுதினாலோ, 2010 சமத்துவச் சட்டப்படி அதற்கே இன்னொரு கேஸ் போடலாம். கர்ப்பமானதால் வேலையை விட்டுத் தூக்கினார்கள் என்று வழக்காடிய பெண்ணுக்குப் பழைய கம்பெனி ரெஃபரன்ஸ் மறுத்த விவகாரம் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 1998-லேயே அவர் பக்கம் தீர்ப்பானது. வெறும் சம்பள பாக்கி கேஸுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. உங்களுடையது எது என்று முதலில் பாருங்கள்.

வேலைத் தகராறுகளில் சமரசம் செய்துவைக்கும் ஏகாஸ் (Acas) என்ற அமைப்பு மூலம் கம்பெனிக்காரர்கள் பேச வருவார்கள். பணத்தோடு பேச்சை முடித்துவிடாதீர்கள். ஏகாஸ் மூலம் போடும் சிஓடி3 (COT3) என்ற சமரச ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்கும் முன், ரெஃபரன்ஸ் வாசகத்தையே அதில் சேர்க்கச் சொல்லுங்கள். நானும் இப்படிக் கேஸ் போட்டவன்தான்; எனக்குச் சேர்த்தது மூன்றே வரி: சேர்ந்த தேதி, பதவி, விலகிய தேதி. போனில் கேட்டாலும் இதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது, யார் பதில் சொல்வது என்பதையும் எழுத வைத்தேன். மேனேஜருக்கு அதில்தான் முகம் சுருங்கியது. புது கம்பெனி படிவத்தில் 'மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா' என்ற கட்டம் காலியாக வந்திருந்ததை எச்.ஆரில் இருந்த அம்மா பிறகு காட்டினார். அதைப் பற்றி யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

தீர்ப்பு வரை போனால் அது அரசு இணையதளத்தில் பெயரோடு ஏறிவிடும், 2017 முதல் அப்படித்தான். அதையும் கணக்கில் வையுங்கள். அப்புறம், நண்பர் நம்பரைக் கொடுத்து மேனேஜர் மாதிரி பேச வைக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

நம்மாட்கள்தான் அதிகம் பயமுறுத்துவார்கள். 'வந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு இரு, விசா போய்விடும்' என்று லண்டன் ஈஸ்ட்ஹாமில் எனக்குச் சொல்லாத ஆளில்லை. உரிமையைக் கேட்டதற்காக யாரும் விசாவைப் பிடுங்குவதில்லை. பயந்து பயந்தே பாதிச் சம்பளத்துக்கு உழைப்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அப்போது எங்கள் அறையில் இருந்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர்தான், இரவு வேலைக்குக் கிளம்பும் முன் என் மனுவை வரி வரியாகப் படித்து, திட்டி எழுதிய இடத்தையெல்லாம் அடித்துவிட்டுத் தேதி போடச் சொன்னார். சம்பள ரசீது, மின்னஞ்சல் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி வையுங்கள் தம்பி, சமரசப் பேச்சில் அதுதான் உங்கள் கையில் இருக்கும்.