கறுப்பு நம்பர் பிளேட்டில் ஒரு வாரம்

அப்பாவின் சதாபிஷேகத்துக்காக ஒரு மெர்சிடிஸ் பென்ஸ் இ 220டி காரை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து, நானே ஓட்டிக்கொண்டு திருக்கடையூர் போய் வந்ததைச் சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். கிளட்ச், பேட்டரி கேள்விகளை அடுத்த இதழில் பார்க்கலாம்.

திருக்கடையூர் போக ஒரு இன்னோவா போதாதா? எதற்கு பென்ஸ்?
— வாசகர், விருத்தாசலம்

போதும். இடவசதி மட்டும் கணக்கு என்றால் இன்னோவாதான் நல்லது.

அப்பா சென்னையில் ஒரு தோல் ஏற்றுமதியாளர் வீட்டில் 31 வருடம் டிரைவராக இருந்தவர். அம்பாசிடர், கான்டெஸா, கடைசியில் பென்ஸ். 1995-இல் புனேயில் பென்ஸ் கார் தயாரிக்கத் தொடங்கியபோது முதலில் வந்த டபிள்யூ 124 என்ற மாடல். அதை ஒன்பது வருடம் ஓட்டினார். அந்த வண்டியின் பின் சீட்டில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. நாங்களும்தான். பள்ளிக்கூட லீவில் முதலாளி வீட்டு போர்ட்டிகோவில் அப்பா அதைத் துடைக்கும்போது நானும் தம்பியும் வாளி தூக்கியிருக்கிறோம். ஆயிரம் பிறை கண்ட மனிதரை அந்த வண்டியின் வாரிசில் பின் சீட்டில் உட்கார வைத்து அழைத்துப் போகவேண்டும் என்பது என் ஆசை. இரண்டு வருடம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம்.

நடந்தது வேறு. பெரம்பூரில் வீட்டு வாசலில் பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அப்பா அதைச் சுற்றிக்கொண்டு போய் முன் கதவைத் திறந்தார். "பின்னாடி உட்கார்ந்தா ரோடு தெரியாதும்மா, எனக்குத் தலை சுத்தும்" என்றார். ஏழு நாளும் முன் சீட்டுதான். பின் சீட்டு அம்மாவுக்குப் போனது. டிஸ்க் தேய்ந்து, பத்து வருடமாக பஸ்ஸில் அரை மணி நேரம் உட்கார முடியாதவர். இந்தியாவில் விற்கும் இ கிளாஸ் 2017 முதல் நீள வீல்பேஸ் கொண்டது. நாங்கள் எடுத்த வண்டியில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 3,079 மில்லிமீட்டர். அந்தக் கூடுதல் நீளம் முழுக்க பின் சீட்டுக்காரரின் காலுக்குத்தான் போகிறது. சாய்மானம் 37 டிகிரி வரை சாயும். மரக்காணம் உப்பளங்களைப் பார்க்கவேண்டும் என்று கிளம்பும்போதே சொல்லியிருந்த அம்மா, மாமல்லபுரம் தாண்டியதுமே தூங்கிவிட்டார். புதுச்சேரி வரை எழுந்திருக்கவில்லை. நான் அவருக்கென்று யோசித்து எதுவும் செய்திருக்கவில்லை என்பது கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

என் அம்மாவுக்கு 76 வயது. இரண்டு முழங்காலிலும் வலி. இப்படிப்பட்ட சொகுசு செடான் அவருக்கு வசதிப்படுமா?
— வாசகி, கும்பகோணம்

உள்ளே உட்கார்ந்த பிறகு சொர்க்கம். ஏறி இறங்குவதுதான் பாடு. என்னுடைய சொந்த வண்டி வேகன்ஆர். அதில் சீட்டு ஏறக்குறைய நம் இடுப்பு உயரத்தில் இருப்பதால் அப்படியே உட்கார்ந்துவிடலாம். பென்ஸில் உடம்பைக் கீழே இறக்க வேண்டும், எழும்போது மேலே தூக்க வேண்டும். அப்பாவின் முழங்கால் வேகன்ஆர் பக்கம்தான் ஓட்டுப் போடும்.

நாங்கள் கண்டுகொண்ட வழியைச் சொல்கிறேன். முன் சீட்டை மோட்டார் வைத்து உயர்த்தலாம். பொத்தான்கள் கதவிலேயே, சின்ன சீட்டு வடிவத்தில் இருக்கின்றன. ஏறுவதற்கு முன் சீட்டை முழுக்க உயர்த்திப் பின்னால் தள்ளி வைத்து, அப்பா உட்கார்ந்ததும் இறக்குவேன். அந்த உயரத்தை மெமரி பொத்தானில் 2 என்று பதிந்துவிட்டேன். பின் சீட்டுக்கு உயரம் மாற்றும் வசதி இல்லை. அதனால் முழங்கால் வலிக்காரருக்கு முன் சீட்டு, முதுகுவலிக்காரருக்குப் பின் சீட்டு என்பது என் அனுபவம்.

காலை முதலில் உள்ளே வைக்கக்கூடாது. சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, முதலில் உட்கார்ந்து, அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். பட்டுப்புடவை இதற்குக் கைகொடுக்கும், வழுக்கிக்கொண்டு திரும்பும். இன்னொன்று, வண்டியை நடைமேடை ஓரமாக ஒட்டி நிறுத்தாதீர்கள். நடைமேடை மேல் நிற்பவருக்கு சீட்டு இன்னும் பள்ளமாகிவிடும். இரண்டடி தள்ளி நிறுத்தி, சாலையில் நிற்கவைத்து ஏற்றுங்கள். முதல் நாள் இது தெரியாமல் அப்பாவைக் கஷ்டப்படுத்திவிட்டேன்.

தெரிந்தவர் ஒருவர் தன் சொந்த ஆடி காரை நாள் வாடகைக்குத் தருகிறேன் என்கிறார். எடுக்கலாமா?
— வாசகர், திருச்சி

வேண்டாம். வெள்ளை நம்பர் பிளேட் என்றால் அது சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி. அதை வாடகைக்கு விடுவது சட்டப்படி தவறு. வழியில் ஏதாவது ஆனால், வாடகைக்கு ஓடியது என்று காட்டி இன்சூரன்ஸ்காரர் கைவிரிக்கலாம். டிரைவரோடு வரும் டாக்சிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. நாமே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. 1989-இல் வந்த ரென்ட் எ கேப் திட்டத்தின் கீழ் உரிமம் பெற்றவர்கள்தான் அப்படி விடலாம்.

பெர்மிட்டையும் கேளுங்கள். ஈசிஆர் வழியாகக் கடலூர் போனால் நடுவில் புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்துதான் வெளியே வருகிறோம். திருக்கடையூரிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால் காரைக்கால், அதுவும் புதுச்சேரிதான். வாடகை வண்டிக்கு அகில இந்திய சுற்றுலா பெர்மிட் இருக்கிறதா, அதன் நகல் வண்டியில் இருக்கிறதா என்று சாவி வாங்கும்போதே பாருங்கள்.

ஓட்டுவதற்கு எப்படி இருந்தது? பறந்ததா?
— வாசகர், ஓசூர்

பறக்கவில்லை. வாடகை வண்டி என்பதால் 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். 194 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, ஒன்பது கியர், எல்லாம் இருந்தும் 80. முதல் ஒரு மணி நேரம் எரிச்சலாக இருந்தது. அப்புறம்தான் புரிந்தது, இந்த வண்டியின் சுகமே அந்த வேகத்தில்தான் தெரிகிறது. என்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்குக் கீழேயே முணுமுணுத்துக்கொண்டிருக்கும். பின் சீட்டில் அம்மா மூச்சு விடுவது கேட்கும். ஆனால் ஓவர்டேக் செய்யும்போது கவனமாக இருங்கள். பாதி லாரியைத் தாண்டிய பிறகு வேகம் இதற்கு மேல் ஏறமாட்டேன் என்று 80-லேயே நின்றுவிடும். எதிரே வண்டி வருகிறதென்றால் ஆரம்பிக்கவே கூடாது.

இன்னொரு பெரிய விஷயம். மாருதி, ஹூண்டாய், டொயோட்டா ஓட்டிப் பழகிய நமக்கு இண்டிகேட்டர் வலக்கைப் பக்கம். பென்ஸில் வலக்கைப் பக்கம் இருப்பது கியர் லீவர். இண்டிகேட்டரும் வைப்பரும் ஒரே லீவராக இடப்பக்கம். முதல் நாள் மூலக்கடையில் இடப்பக்கம் திரும்ப, பழக்கத்தில் வலக்கை லீவரை மேலே தட்டினேன். வண்டி நியூட்ரலுக்குப் போய்விட்டது. பின்னால் மாநகரப் பேருந்து. அப்பா சத்தம் போடவில்லை, "கையை எடு, பிரேக்கை மிதி, கீழே தட்டு" என்று மூன்று வார்த்தையில் சொன்னார். அன்று இரவு வலப்பக்க லீவரில் ஒரு மஞ்சள் நூலைக் கட்டிவிட்டார். அது விரலில் பட்டதும் கை நின்றுவிடும். நீங்களும் செய்யுங்கள்.

நம் ஊர் ஸ்பீட் பிரேக்கரில் அடி வாங்காதா?
— வாசகர், சீர்காழி

வாங்கும். உங்கள் ஊர்ப் பக்கமே இரண்டு முறை வாங்கியது. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலத்தில் மெதுவாக ஏறி இறங்க வேண்டும். அப்படிக் கட்டியிருந்தால் எந்தக் காரும் தட்டாது. ஒரு முழ அகலத்தில் திண்ணை மாதிரி கட்டிவிட்டால், நீள வீல்பேஸ் வண்டிக்கு முன் சக்கரம் இறங்கிய பிறகும் பின் சக்கரம் ஏறியிருக்காது. நடு வயிறு உரசும். குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றினால் பெரும்பாலும் தப்பலாம். மூன்று பேரோடு டிக்கி நிறைய தாம்பூலத் தேங்காயும் இருந்தது எங்கள் தவறு. போகும்போது அடித்தது, திரும்பும்போது அடிக்கவில்லை.

டிக்கியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஸ்டெப்னி டிக்கிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பெரிய பெட்டிக்கு மேல் வைக்கத் திட்டமிடாதீர்கள்.

அப்புறம் தெரு. வண்டி 5 மீட்டருக்கு மேல் நீளம், 1.86 மீட்டர் அகலம். என் வேகன்ஆர் 3.65 மீட்டர்தான். எங்கள் தெருவில் ஏழு நாளும் இரவு பதினோரு மணிக்கு மேல்தான் நிறுத்த இடம் கிடைத்தது. எதிர்வீட்டு அண்ணன் தன் ஆட்டோவை அடுத்த தெருவில் விட்டு இடம் கொடுத்தார். அந்த உதவியை மறக்கமாட்டேன்.

மொத்தம் எவ்வளவு செலவு? டெபாசிட் ஒழுங்காகத் திரும்பி வந்ததா?
— வாசகி, மதுரை

நாள் வாடகை 12,000, ஏழு நாளைக்கு 84,000 ரூபாய். ஓடியது 860 கிலோமீட்டர். டீசல் 62 லிட்டர், சுமார் 5,700 ரூபாய். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் வாக்கில் வருகிறது, இவ்வளவு பெரிய வண்டிக்கு நல்ல கணக்குதான். சுங்கக் கட்டணம் 900 ரூபாய். இதுவரை நியாயம்.

டெபாசிட்டில் 6,500 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். பின் இடது சக்கர ரிம்மில் ஒரு கீறல். அது நான் எடுக்கும்போதே இருந்தது. கதவு, பம்பர், கண்ணாடி எல்லாவற்றையும் வீடியோ எடுத்த நான் ரிம்மை எடுக்கவில்லை. சாட்சி இல்லாததால் பேச வாயில்லை. இன்னும் வருத்தமாக இருக்கிறது, பணத்துக்காக மட்டும் இல்லை, அப்பா முன்னால் நான் வண்டியை உரசியதாக எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். நீங்கள் நான்கு ரிம்மையும், டயர்களின் பக்கவாட்டையும், குனிந்து முன் பம்பரின் அடிப்பாகத்தையும் எடுத்து வையுங்கள். வாடகைக்காரர் எதிரிலேயே எடுங்கள்.

போன வழியெல்லாம் மரியாதை கூடியிருக்குமே?
— வாசகர், நாகப்பட்டினம்

ஹோட்டல் வாசலில் சல்யூட் கிடைத்தது. இளநீர்க்காரர் பத்து ரூபாய் கூடச் சொன்னார். அவ்வளவுதான்.

வாடகை வண்டியில் நம் போனை இணைக்கலாமா?
— வாசகி, சேலம்

இணைத்தால், திருப்பிக் கொடுக்கும் முன் அழித்துவிடுங்கள். நான் எடுத்தபோது முன்பு ஓட்டியவரின் போன் பெயர், அவர் போன இடங்கள், "வீடு" என்று குறித்த முகவரிகூட அப்படியே திரையில் இருந்தது. ஒரு பெண் தனியாக இருக்கும் வீடாக இருந்தால் என்னவாகும்? நானே அழித்தேன். செட்டிங்ஸில் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கும் வசதி இருக்கும், இரண்டு நிமிட வேலை.

டீசல் பென்ஸில் யூரியா ஊற்றவேண்டுமாமே?
— வாசகர், ஈரோடு

ஆமாம், ஆட்ப்ளூ என்ற திரவம். பிஎஸ் 6 என்ற புகை மாசு விதிப்படி வந்த டீசல் வண்டிகள் பலவற்றில் புகையைச் சுத்தப்படுத்த இது தனித் தொட்டியில் இருக்கும். முழுக்கத் தீர்ந்தால், வண்டியை நிறுத்திய பிறகு மறுபடி ஸ்டார்ட் ஆகாது. எங்களுக்கு ஐந்தாம் நாள் எச்சரிக்கை வந்தது. சிதம்பரத்தில் ஒரு பங்கில் பத்து லிட்டர் கேன் வாங்கி ஊற்றினோம். டீசல் மூடிக்குப் பக்கத்திலேயே அதன் மூடியும் இருக்கிறது, மாற்றி ஊற்றினால் பெரிய செலவு. வாடகைக்கு எடுக்கும்போதே அளவைக் கேளுங்கள்.

ஒரு வாரம் ஓட்டிய பின் ஒன்று வாங்கவேண்டும் என்று தோன்றவில்லையா?
— வாசகர், காஞ்சிபுரம்

இல்லை. ஷோரூம் விலையே 60 லட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு சாலை வரி மட்டும் 20 சதவீதம். அம்மாவுக்காக அந்தப் பின் சீட்டை மட்டும் தருவார்களானால் வாங்குவேன். இப்போதைக்கு வேகன்ஆரில் அவர் முதுகுக்கு ஒரு நல்ல குஷன் வாங்கிப் போட்டிருக்கிறேன்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது உங்கள் அப்பா என்ன சொன்னார்?
— வாசகி, புதுச்சேரி

கூடவே வந்தார். வழியில் நிறுத்தச் சொல்லி, டாஷ்போர்டையும் ஸ்டீயரிங்கையும் தன் துண்டால் துடைத்தார். மஞ்சள் நூலை அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சாவி வாங்கிய பையனிடம், "தம்பி, முன் இடது டயர்ல காத்து கம்மி, அடுத்தவங்களுக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி பாரு" என்றார். திரையில் எந்த எச்சரிக்கையும் இல்லையே, எப்படித் தெரியும் என்று கேட்டேன். "மகாபலிபுரத்துலேர்ந்து நீ ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கமே பிடிச்சுக்கிட்டு வந்தே. உன் கையைத்தானே பார்த்துக்கிட்டு வந்தேன்" என்றார்.

பையன் கேஜ் வைத்துப் பார்த்தான். மற்ற மூன்றிலும் 36. அதில் 31.