மகள் ஜப்பானில் அனிமேட்டர் ஆக வேண்டும் என்கிறார்: கடன் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு மகளை டோக்கியோவுக்கு அனுப்ப, வீட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். மகளின் ஆசையில் தவறே இல்லை. ஆனால் இந்தத் துறையில் முதல் சில ஆண்டுகளில் வரும் பணம் வாய்க்கும் வாடகைக்குமே பற்றாது. கடன் தவணைக்கு எங்கே போவது?

புதியவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் 'டோகா' வேலை. மூத்தவர்கள் வரையும் முக்கியப் படங்களுக்கு 'கெங்கா' என்று பெயர். அவற்றைச் சுத்தமான கோட்டில் படியெடுத்து, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே வரும் அசைவுகளை நிரப்புவதுதான் டோகா. தாளுக்குச் சுமார் 200 யென் என்பது நெடுங்காலமாகப் பெரிதாக ஏறாத கூலி. மாதம் 400 தாள் வரைந்தால் 80,000 யென். டோக்கியோவில் ஸ்டூடியோக்கள் நிறைந்த சுகினாமி, நெரிமா பகுதிகளில் ஒற்றை அறை வாடகையே 50,000 யென்னைத் தாண்டிவிடும். திருத்தச் சொல்லித் திரும்பி வரும் தாளுக்குப் பெரும்பாலும் தனிக் கூலி கிடையாது.

திரும்பி வருவதற்கான காரணங்கள் பார்வைக்கு அற்பமாகத் தெரியும். தாடைக் கோடு கழுத்தோடு சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி விட்டிருந்தால் போதும், கணினியில் நிறம் நிரப்பும்போது முகத்தின் நிறம் பின்னால் வழிந்துவிடும். நிழல் விழும் எல்லையை வண்ணப் பென்சிலால் குறிக்காமல் கறுப்பில் போட்டுவிட்டால், அதுவும் படக்கோடாகவே பதிவாகிவிடும். தலை திரும்பும் காட்சியில் நடுப்படத்தை வெறும் பாதி தூரத்தில் வைத்தால் முகம் சப்பையாகிவிடும். தலை ஒரு வளைவில் திரும்புகிறது என்பதைக் கை அறிந்திருக்க வேண்டும்.

இதில் உங்கள் மகளின் சொந்த பாணிக்கு இடமே இல்லை. இதை அவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். சொந்தத் தேர்வுகள் கெங்கா நிலையில்தான் தொடங்குகின்றன. நொடிக்கு 24 சட்டகங்கள் (ஃபிரேம்) ஓடினாலும், தொலைக்காட்சித் தொடர்களில் ஒரே படத்தை மூன்று சட்டகங்களுக்கு நிறுத்தி, நொடிக்கு 8 படங்களில் முடிப்பது வழக்கம். எங்கே நிறுத்துவது, எந்த அசைவை மட்டும் முழுவேகத்தில் விடுவது என்பதில்தான் ஓர் அனிமேட்டரின் ரசனை தெரியும். அந்த இடத்துக்கு வரும்வரை பிறர் கோட்டில் பொறுமையாகக் கை பழக வேண்டும். கதை சொல்வதில்தான் அவருக்கு ஆர்வம் என்றால் காட்சித் திட்டம் (ஸ்டோரிபோர்டு), பின்னணி ஓவியம், 3டி ஆகியவற்றையும் பார்க்கட்டும். 3டி நிறுவனங்களில் மாதச் சம்பள வேலை அதிகம் என்பதால், வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு அதுவே நல்ல வாசல் என்பது என் கருத்து.

அடுத்தது விசா. பன்னிரண்டாம் வகுப்போடு நேராக வேலை விசா எடுக்க முடியாது. பட்டப்படிப்போ, ஜப்பானியத் தொழிற்கல்லூரிச் சான்றோ வேண்டும். ஜப்பானியருக்கு இணையான ஊதியமும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். தாள் கணக்கில் கூலி தரும் வேலை இங்கேதான் இடறும். அதனால் அழைப்பு வந்ததும் முதலில் கேளுங்கள்: மாதச் சம்பளமா, தாள் கூலியா? கியோட்டோ அனிமேஷன் போல ஊழியர்களை நிரந்தரச் சம்பளத்தில் வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. நிறுவன ஊழியராக இல்லாமல் தனியாக வேலை எடுத்துச் செய்பவர்களுக்கு, ஜப்பானில் 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும். வேலையை ஒப்படைத்த 60 நாட்களுக்குள் பணமும் தர வேண்டும்.

என் யோசனை இது. முதலில் இங்கேயே காட்சித் தொடர்பியல் அல்லது நுண்கலைப் பட்டம். கூடவே ஜப்பானிய மொழி. இலக்கு ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வில் என்2 நிலை, அதாவது ஐந்து நிலைகளில் மேலிருந்து இரண்டாவது. அந்தத் தேர்வு ஜூலை, டிசம்பரில் நடக்கும், சென்னையிலும் எழுதலாம். மொழி தெரியாவிட்டால் எந்தப் படம் எத்தனை சட்டகம் நிற்க வேண்டும் என்று காட்டும் ஸ்டூடியோ நேரத்தாளில் எழுதியிருக்கும் குறிப்பைக்கூடப் படிக்க முடியாது. ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகையில் பட்டப்படிப்புக்கும் தொழிற்கல்லூரிக்கும் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. சென்னையிலுள்ள ஜப்பான் துணைத் தூதரகத்தின் அறிவிப்பை ஆண்டுதோறும் கவனியுங்கள்.

இந்த விடுமுறையில் ஒரு சோதனை. ஒளிப்பலகை ஒன்று, துளையிட்ட தாளை நகராமல் பிடிக்கும் மூன்று முளையுள்ள ஆணிப்பட்டை, 2பி பென்சில் வாங்கிக் கொடுங்கள். ஒருவர் திரும்பிப் பார்க்கும் அசைவின் முதல் படமும் கடைசிப் படமும் வரைந்து, நடுவில் ஐந்து படங்கள் போடட்டும். அவற்றை ஓப்பன்டூன்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஓட்டிப் பார்த்து, தலை அளவு மாறுகிறதா, கோடு நடுங்குகிறதா என்று தேடட்டும். பிழையான தாளை மட்டும் எடுத்து மறுபடி வரையட்டும். தினம் நான்கு மணி நேரம், மூன்று வாரம். அதன் பிறகும் பென்சிலைக் கீழே வைக்க மனமில்லை என்றால், மொழி வகுப்புக்குப் பணம் கட்டுங்கள்.