பாட்டி சொன்ன கதை, பதிவு யாருக்குச் சொந்தம்?

கேள்வி: டொரொன்டோவில் எங்கள் பிள்ளைகள் வகுப்புக்கு ஓர் அனிஷினாபே பூர்வகுடி மூத்தவரும் ஒரு கறுப்பினப் பாட்டியும் கதை சொல்ல வருகிறார்கள். ஏற்பாடு, பதிவு எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொள்வதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் இணையத்தில் போடலாமா?

பதில்: கையெழுத்து போதாது. முதலில் அந்த நிறுவனத்தை நிறுத்தி வையுங்கள். கனடாவின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓர் ஒலிப்பதிவு அதற்கு ஏற்பாடு செய்தவருக்குத்தான் முதலில் சொந்தம். "எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று அவர்கள் இனிக்க இனிக்கச் சொல்வது ஏன் என்று இப்போது புரியும். படிவத்தில் "எந்த ஊடகத்திலும், எக்காலத்துக்கும்" என்று ஒரு வரி இருந்தால் அடித்துவிடுங்கள். பதிவின் உரிமை கதை சொன்னவருக்கே என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரு பிரதி அவர் கையில் இருக்கட்டும். எப்போது கேட்டாலும் இணையத்திலிருந்து நீக்குவதாகவும் எழுதிக்கொடுங்கள்.

கதைதானே என்று விட்டுவிடாதீர்கள். 1997-ல் டெல்கமூக் வழக்கில், பூர்வகுடிகளின் வாய்மொழி வரலாற்றையும் நில உரிமைக்கான சான்றாக உரிய மதிப்புடன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கனடா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படிப்பட்ட சொத்தைத்தான் தரகர்கள் ஒரு பக்கப் படிவத்தில் எழுதி வாங்கிப் போகிறார்கள்.

படிவத்தில் வராத ஒன்றும் உண்டு. நானபுஷ் கதைகள் போன்ற அனிஷினாபே புனிதக் கதைகளைத் தரையில் பனி கிடக்கும்போதுதான் சொல்வது மரபு. ஜனவரியில் பதிவு செய்து இணையத்தில் போட்டால் ஜூலையிலும் ஓடும். மூத்தவர் சரியான காலத்தில்தான் சொல்லியிருப்பார். மரபை மீறியது நீங்களாகிவிடுவீர்கள். பனி உருகியதும் இணைப்பை மூடுங்கள், அல்லது அந்தக் கதையைப் பதிவே செய்யாதீர்கள். குடும்பக் கதைக்கும் ஊர்க் கதைக்கும் பெரும்பாலும் இந்தத் தடை கிடையாது. எது எந்த வகை என்று அவரிடமே கேளுங்கள், நிறுவனத்திடம் அல்ல. கேட்கப் போகும்போது புகையிலை கொடுப்பது அவர்கள் வழக்கம்.

பாட்டிக்குக் கேள்விப் பட்டியல் அனுப்ப வேண்டாம். 1957-ல் தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் கறுப்பினப் பெரியவர்களுக்கு வகுப்பு தொடங்கிய பெர்னிஸ் ராபின்சன் அழகுக்கலை நிபுணர். ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அல்ல. என்ன படிக்க ஆசை என்று அவர்களிடமே முதலில் கேட்டார். பெயர் எழுத வேண்டும், பைபிள் வாசிக்க வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள். வாக்காளர் பதிவுக்கான எழுத்தறிவுத் தேர்வோடு சேர்த்து இவையே பாடமாயின. நீங்களும் பிள்ளைகளுக்கு என்ன சொல்ல விரும்புகிறார் என்று பாட்டியிடம் கேட்டுவிட்டு, அப்புறம் பேசாமல் இருங்கள்.

கடைசியாகப் பணம். மானியம் கொடுக்கும் அலுவலகங்களுக்கு எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு உடனே வேண்டும். கதை சொன்னவருக்குக் கொடுக்க மட்டும் விலைச்சீட்டு, வங்கி விவரம், இன்னொரு படிவம் என்று மாதக்கணக்கில் இழுப்பார்கள். எண்பது வயதுக்காரரை இப்படி அலைக்கழிப்பது அநியாயம். அதனால் சன்மானத்தை உங்கள் குழு அன்றைக்கே நேரில் கொடுத்துவிடட்டும். மானியம் வரும்போது கழித்துக்கொள்ளலாம்.