பலனே தெரியாத வருடங்களில் மிஷனரிகளுக்கு எது தெம்பு தந்தது?

வெளிநாட்டு ஊழியத்துக்குப் போய், வருடக்கணக்கில் ஒருவர்கூட மனம் திரும்பாவிட்டால் எப்படித் தாக்குப்பிடிப்பது என்று கேட்கிறீர்கள். அதோனிராம் ஜட்சனைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து 1813இல் ரங்கூன் போனவர், முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1819இல்தான். ஆறு வருடம்! ஆனால் சும்மா இருக்கவில்லை, பர்மிய மொழியைக் கற்று மத்தேயு சுவிசேஷத்தை மொழிபெயர்த்தார், அந்த அன்றாட வேலைதான் அவரைத் தாங்கியது என்பது என் கணிப்பு. அப்புறம் 1824இல் ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் போர் மூண்டதும் உளவாளி என்று சந்தேகப்பட்டு, விலங்கு மாட்டிச் சிறையில் போட்டார்கள். மனைவி ஆன், மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் பிரதியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்து, காவலர்கூட ஆசைப்படாத அளவுக்குக் கரடுமுரடாக்கி, உள்ளே கொடுத்தார். 1826இல் ஆனும் இறந்துவிட, ஜட்சன் நெடுநாள் மனம் ஒடிந்து கிடந்தார் (பிரசங்கங்களில் இதை அவ்வளவாகச் சொல்வதில்லை). முழு பைபிளையும் மொழிபெயர்த்து முடித்தது 1834இல்.