பகலெல்லாம் தங்கமான பிள்ளை, மாலையானால் ரகளை: மகனை அடித்துவிட்டேன் டாக்டர்!

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது நான்கு மாதம், மகளுக்கு ஒன்பது மாதம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பகலில் மகனைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் 'சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை' என்கிறார்கள். ஆனால் மாலையில் வீட்டுக்குள் கால் வைத்ததுமே வேறு பிள்ளையாகிவிடுகிறான். தொட்டதற்கெல்லாம் அழுகை. கீழே விழுந்து புரள்கிறான், தங்கையைத் தள்ளிவிடுகிறான். போனைக் கொடுத்தால்தான் அடங்குகிறான், வாங்கினால் மறுபடியும் ஆரம்பம். காலை ஆறரைக்கு எழுந்தாக வேண்டும், தூங்கவோ பத்து மணி ஆகிவிடுகிறது. போன வாரம் பொறுமை போய் முதுகில் அடித்துவிட்டேன். விரல் தடம் பதிந்துவிட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்கிறார் கணவர். இவனுக்கு ஏதாவது கோளாறா? இல்லை, நான்தான் சரியில்லையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: காப்பகத்தில் அவன் சொன்ன பேச்சு கேட்கிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன். பகல் முழுவதும் வெளி மனிதர்களோடு இருந்து, தன் முறை வரும்வரை காத்திருந்து, ஆசைப்பட்ட பொம்மையை இன்னொரு பிள்ளைக்கு விட்டுக்கொடுக்க அவனால் முடிகிறது. அப்படியானால் சொல்வதைப் புரிந்துகொள்ளவும் தன்னை அடக்கிக்கொள்ளவும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. வளர்ச்சியில் கோளாறு இருந்தால் பெரும்பாலும் இரண்டு இடத்திலும் சிரமம் தெரியும்.

ஆனால் மூன்று வயதில் தன்னை அடக்கிக்கொள்வது கடும் உழைப்பு. ஆசையையும் கோபத்தையும் நிறுத்திப் பிடிக்கிற மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபது வயதைத் தாண்ட வேண்டும். சாயங்காலம் நீங்கள் அழைக்கப் போகும்போது அவனுடைய பொறுமை அடிவரை தீர்ந்திருக்கும். கூடவே பசி, தூக்கக் கலக்கம். என்ன ஆட்டம் போட்டாலும் தன்னைக் கைவிட மாட்டார்கள் என்று அவன் நம்புகிற இடம் வீடு. அதனால் உங்கள் முகத்தைப் பார்த்ததும் பகலெல்லாம் சேர்த்து வைத்ததைக் கொட்டிவிடுகிறான். சரியில்லாத அம்மாவிடம் எந்தப் பிள்ளையும் இப்படிக் கொட்டுவதில்லை. இப்போது நீங்கள் மாற்ற வேண்டியது மாலை ஆறிலிருந்து எட்டரை வரையிலான அந்த இரண்டரை மணி நேரத்தைத்தான்.

முதலில் தூக்கம். 3, 4 வயதுப் பிள்ளைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. பத்துக்குத் தூங்கி ஆறரைக்கு எழுந்தால் எட்டரை மணி நேரம்தான். காப்பகத்தில் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தாலும் ஒன்பதரையைத் தாண்டாது. குறைந்தபட்ச அளவுக்கே தினமும் அரை மணி நேரம் கடன் விழுகிறது. தூக்கம் போதாவிட்டால் நாம் சோர்ந்து உட்காருவோம். சின்னப் பிள்ளைகள் துள்ளுவார்கள், ஓடுவார்கள், சிரித்துக்கொண்டே இருந்து அடுத்த நொடி அழுவார்கள். 'இவனுக்கு இன்னும் தூக்கமே வரவில்லை' என்று நாம் தப்பாக எடுத்துக்கொள்வோம். ஒரே நாளில் எட்டரைக்குப் படுக்க வைக்கப் பார்க்காதீர்கள், சண்டையில்தான் முடியும். மூன்று நாளைக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் முன்னால் கொண்டுவாருங்கள். மூன்று வாரத்துக்குள் எட்டரைக்கு வந்துவிடலாம். குளியல், பல் துலக்கல், ஒரு கதை, விளக்கை அணைப்பது என்று வரிசை மட்டும் தினமும் ஒன்றாகவே இருக்கட்டும்.

அடுத்தது, வீட்டுக்கு வந்த முதல் இருபது நிமிடம். அவனை அழைத்து வரும்போதே, வழியிலேயே, கையில் சாப்பிட ஏதாவது கொடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் ஐந்து நிமிடம் அவனுக்கு மட்டும். எதற்குச் சொல்கிறேன் என்பதற்கு என் அறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தாய் இதே வயதுப் பையனோடு வந்திருந்தார். மூலையில் மரக்கட்டைகள் போட்ட கூடை ஒன்று வைத்திருப்பேன். அவர் குறை சொல்லச் சொல்லப் பையன் கூடையைக் கவிழ்த்தான். "பாத்தீங்களா டாக்டர், இப்படித்தான்" என்றார். அவரைத் தரையில் உட்காரச் சொன்னேன். கேள்வி கேட்க வேண்டாம், சொல்லிக்கொடுக்க வேண்டாம், திருத்த வேண்டாம், அவன் என்ன செய்கிறானோ அதை மட்டும் வாயால் சொல்லுங்கள் என்றேன். அவருக்குக் கூச்சமாக இருந்தது. மெதுவாகத் தொடங்கினார்: "சிவப்பை எடுத்துட்டே... அதுக்கு மேல நீலத்தை வைக்கிறே... விழுந்துடுச்சு, திரும்ப அடுக்குறே..." பையன் முதலில் சந்தேகத்தோடு திரும்பிப் பார்த்தான். பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து அவர் முழங்காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டான். கை பாட்டுக்குக் கட்டையை அடுக்கிக்கொண்டிருந்தது. அந்தத் தாய் அப்படியே பேச்சை நிறுத்திவிட்டார், கண்ணில் நீர் கோத்துவிட்டது. பேச்சு நின்றதும் பையன் அண்ணாந்து பார்த்து, "சொல்லு" என்றான்.

இந்த முறையை அமெரிக்க உளவியலாளர் ஷீலா ஐபர்க் 1970-களில் ஒரு சிகிச்சையாகவே வகுத்தார். அதில் பெற்றோருக்குக் கொடுக்கும் வீட்டுப்பாடம் இதுதான்: தினமும் ஐந்து நிமிடம், பிள்ளை போகிற போக்கிலேயே விளையாட்டு. அன்று அவன் எவ்வளவு ரகளை செய்திருந்தாலும் அந்த ஐந்து நிமிடத்தைத் தண்டனையாகப் பறித்துவிடாதீர்கள். ரகளை அதிகமான நாளில்தான் அது அவனுக்கு அதிகம் தேவை.

இவ்வளவு செய்தும் அழுகை வரும், இந்த வயது அப்படி. மைக்கேல் பொட்டேகல், ரிச்சர்ட் டேவிட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒன்றரை முதல் ஐந்து வயதுவரையான பிள்ளைகளின் அடங்காத அழுகையை ஆராய்ந்து 2003-இல் எழுதினார்கள். முக்கால்வாசி ரகளைகள் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. இன்னொன்றையும் கவனித்தார்கள். கத்துவது, உதைப்பது, எறிவது என்கிற கோபம் சீக்கிரமே உச்சிக்குப் போய் இறங்கிவிடுகிறது. விம்மல், அழுகை, மடியைத் தேடுவது என்கிற துக்கமோ தொடக்கம் முதல் கடைசி வரை அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நாம் எங்கே தவறுகிறோம் என்பது இதில் தெரியும். கோபத்தின் உச்சியில் "ஏன் அழறே, என்ன வேணும், சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருப்போம். ஒவ்வொரு கேள்வியும் எரிகிற நெருப்பில் எண்ணெய். அவன் ஓய்ந்து விம்மத் தொடங்கும்போது நமக்குப் பொறுமை தீர்ந்து, முகத்தைத் திருப்பிக்கொள்வோம். இதைத் தலைகீழாகச் செய்து பாருங்கள். கத்தும்போது பேச்சைக் குறையுங்கள். தங்கையை எட்டாத இடத்தில் விட்டு, அடிபடக்கூடிய சாமான்களை நகர்த்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து "கோபமா இருக்கு, தெரியுது. அம்மா இங்கேதான் இருக்கேன்" என்று ஒருமுறை சொன்னால் போதும். கத்தல் விம்மலாக மாறுவது காதுக்கே தெரியும். அப்போது கையை விரியுங்கள். மடியில் போட்டுத் தேற்றுவது செல்லம் கொடுத்துக் கெடுப்பது ஆகாது. அவன் எதற்காக அழுதானோ அதைக் கொடுத்துவிட்டால்தான் அழுகைக்குப் பலன் உண்டு என்று கற்றுக்கொள்வான்.

போன் விஷயமும் அதுவே. பத்து நாள் அழுகையில் ஒன்பது நாள் மறுத்துப் பத்தாம் நாள் கொடுத்தால், பத்தாம் நாள்வரை அழ வேண்டும் என்பதுதான் அவன் எடுத்துக்கொள்கிற பாடம். தினமும் கொடுத்தால்கூட இவ்வளவு பிடிவாதம் வராது. 2 முதல் 4 வயதுவரை திரை முன் உட்காருவது நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று அதே 2019 வழிகாட்டுதல் சொல்கிறது. ஒன்பது மாதக் குழந்தைக்குத் திரையே வேண்டாம். வேளையை நீங்களே முடிவு செய்து, அவன் கேட்பதற்கு முன் கொடுங்கள். நிமிடக் கணக்கில் பிடுங்காமல், பார்க்கிற கதை முடிகிற இடத்தில் நிறுத்துங்கள். கதை பாதியில் அறுந்தால் நமக்கே எரிச்சல் வரும். அவனே பொத்தானை அழுத்தி அணைக்கட்டும். படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம் வேண்டவே வேண்டாம். இந்த ஏற்பாட்டைத் தொடங்கிய முதல் சில நாள் அழுகை கூடும். முன்பு பலித்தது இப்போது ஏன் பலிக்கவில்லை என்று இன்னும் பலமாக முயன்று பார்ப்பான். பாதியில் மனம் இளகிவிடாதீர்கள்.

தங்கையைத் தள்ளிவிடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. தங்கை பிறந்ததும் வர வேண்டிய பொறாமை இப்போது ஏன் என்று தோன்றும். பிறந்த குழந்தை கிடந்த இடத்தில் கிடக்கும். ஒன்பது மாதத்தில்தான் தவழ்ந்து வந்து அவன் அடுக்கியதைக் கலைக்கும், பொம்மையை வாயில் வைக்கும், எல்லோரும் அதைப் பார்த்துக் கைதட்டுவார்கள். அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் அநியாயம்தானே! தங்கைக்கு எட்டாத உயரத்தில் அவன் பொருள்களுக்கென்று ஓர் இடம் கொடுங்கள். "நீ பெரியவன், விட்டுக்கொடு" என்பதை அவன் பகலெல்லாம் காப்பகத்தில் செய்துவிட்டு வருகிறான். வீட்டில் அந்த வாக்கியத்தைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள்.

இனி, நீங்கள் அடித்தது. உங்களைக் குற்றவாளியாக நிறுத்த எனக்கு மனமில்லை. ஆனால் இது இரண்டாம் முறை நடக்கக் கூடாது. பயத்தில் அந்த நேரத்துக்கு அடங்குவான், கோபத்தை எப்படிக் கையாள்வது என்று கற்க மாட்டான். பெரியவர் சின்னவரை அடிக்கலாம் என்பதைக் கற்றுக்கொள்வான். அவனுக்குக் கீழே ஒரு சின்னவள் இருக்கிறாள். பெற்றோர் பிள்ளையை அடிப்பதை உலகிலேயே முதலாவதாக ஸ்வீடன் 1979-இல் சட்டம் போட்டுத் தடுத்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் 2018-இல், அடிப்பதும் அவமானப்படுத்திக் கத்துவதும் வேண்டாம் என்று பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டது. தடம் பதிந்தது என்றால் அந்த நொடியில் கை உங்கள் வசத்தில் இல்லை. அப்படிப்பட்ட நொடி மறுபடியும் வரும். அதற்கு இப்போதே ஏற்பாடு செய்து வையுங்கள். தாடை இறுகி, காது சூடாகிறது என்று தெரிந்ததும் மகளைத் தொட்டிலில் விட்டு, மகனை அடிபடாத இடத்தில் விட்டு, பக்கத்து அறைக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம் அழுதால் பிள்ளைக்கு எதுவும் ஆகிவிடாது. கைக்குழந்தையை மட்டும் எவ்வளவு ஆத்திரத்திலும் பிடித்துக் குலுக்கிவிடக் கூடாது. மூளைக்குள் ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் குழந்தையைத் தூக்குகிற எல்லோரிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டீர்களா? ஒரு வாரம் ஆகிவிட்டாலும் கேட்கலாம். "அன்னிக்கு அம்மா உன்னை அடிச்சிட்டேன். உனக்கு வலிச்சிருக்கும். அம்மா செஞ்சது தப்பு. இனிமே கோபம் வந்தா அம்மா அந்த ரூமுக்குப் போயிடுவேன்." இவ்வளவுதான். "நீ அப்படிச் செஞ்சதாலதான்" என்று வாலைச் சேர்த்துவிடாதீர்கள். எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் 1970-களில் செய்த பரிசோதனையில், குழந்தையோடு சிரித்து விளையாடிக்கொண்டிருக்கும் தாய் திடீரென்று முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் உட்காருவார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கடைசியில் சோர்ந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தாய் மறுபடி பேசத் தொடங்கியதும், கொஞ்சம் சிணுங்கிவிட்டு அவரிடமே திரும்பும். நல்ல தாய்க்கும் குழந்தைக்கும் இடையிலும் இழை அறுந்து அறுந்துதான் ஓடுகிறது, அறுந்ததைத் திரும்ப முடிச்சுப் போடுவதிலிருந்துதான் குழந்தைக்கு நம்பிக்கை வளர்கிறது என்பது ட்ரோனிக் பிறகு செய்த ஆய்வுகளில் தெரிந்தது.

உங்கள் கணவரும் இதைப் படிக்க வேண்டும். ஐயா, யார் கெடுத்தது என்ற பேச்சைப் பிள்ளைகள் தூங்கியபின்கூட எடுக்காதீர்கள். அந்த இரண்டரை மணி நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். ஒருநாள் மகன் உங்களோடு, மகள் அவரோடு. மறுநாள் மாற்றி. ஒரே ஆள் இரண்டு பிள்ளைகளையும் சமையலையும் இழுத்துக்கொண்டு ஓடுகிற வீட்டில் எந்த யோசனையும் பலிக்காது. ஒருவர் மறுத்ததை மற்றவர் கொடுக்காமல் இருந்தாலே பாதி ரகளை குறையும்.

உங்கள் உடம்பையும் கேட்டாக வேண்டும், அம்மா. மகளுக்கு ஒன்பது மாதம்தான் ஆகிறது. பிரசவத்துக்குப் பின் முதல் ஒரு வருடத்துக்குள் மனச்சோர்வு எப்போது வேண்டுமானாலும் வரலாம். தைராய்டு சுரப்பியும் இந்தக் காலத்தில் தடுமாறலாம். ரத்தசோகையாலும் எரிச்சல் வரும். குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல் இருப்பது, எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது, 'நான் இல்லாவிட்டால் இவர்கள் நன்றாக இருப்பார்கள்' என்ற எண்ணம், இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். அந்தக் கடைசி எண்ணம் வந்தால் அன்றைக்கே போங்கள். ஒரு ரத்தப் பரிசோதனை எப்படியும் செய்துகொள்ளுங்கள்.

மகனையும் ஒருமுறை குழந்தை மருத்துவரிடம் காட்டுவது நல்லது. வெளிறிய முகம், மண் தின்னும் பழக்கம் இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம். வாயைத் திறந்து குறட்டை விட்டால் மூக்கின் பின்புறச் சதை வளர்ந்து தூக்கத்தைக் கெடுக்கலாம். இரவில் ஆசனவாயைச் சொறிந்தால் பூச்சித் தொல்லை. மலச்சிக்கலும் பிள்ளையைப் பாடாய்ப் படுத்தும். நான்குமே சரிசெய்யக்கூடியவை. அழும்போது மூச்சடைத்து நீலம் பாய்வது, ரகளை அடிக்கடி இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் நீள்வது, தன்னையே கடித்துக்கொள்வது அல்லது தலையை மோதிக்கொள்வது, பேசிய சொற்களை மறப்பது, கூப்பிட்டால் திரும்பாதது, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் போங்கள்.

அவை எதுவும் இல்லையென்றால், போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்து வையுங்கள்: ரகளை எத்தனை மணிக்கு, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, முந்தின இரவு எத்தனை மணிக்குத் தூங்கினான். அந்தத் தாளை மருத்துவரிடம் கையோடு கொண்டுபோங்கள். மூன்று வாரம் கழித்து, எட்டரைக்குத் தூங்குகிறானா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.