சர்வர் ஓடுகிறது, டேஷ்போர்டில் ஏன் சிவப்பு?

கேள்வி: ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரி, ஆம்பூரில் ஷூ தொழிற்சாலை என இரண்டு இடங்களில் நடக்கும் ஒரு நிறுவனத்தில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். மொத்தம் 9 சர்வர்கள். எல்லாவற்றிலும் ஒரு கிளவுட் கண்காணிப்புச் சேவையின் ஏஜென்ட் (சர்வரின் நிலையைச் சேவைக்கு அனுப்பும் சின்ன புரோகிராம்) போட்டிருக்கிறோம். ராணிப்பேட்டையில் புது ஃபயர்வாலும் இரண்டாவது பிராட்பேண்ட் லைனும் வந்ததிலிருந்து தொல்லை. அங்குள்ள 4 சர்வர்களில் இரண்டு இணையவே இல்லை. ஆனால் அதே சர்வரில் குரோமைத் திறந்தால் சேவையின் பக்கம் வருகிறது. மூன்றாவது பச்சையாகத்தான் இருக்கிறது, கிராஃப் மட்டும் காலி. நான்காவது, கரண்ட் போய் வந்தால் துண்டித்துக்கொண்டு சில மணி நேரம் கழித்துத் தானாகவே வருகிறது. ஆம்பூரில் 5 சர்வர் இருக்க, டேஷ்போர்டில் 4தான் தெரிகிறது. ஃபயர்வால் போட்டவரோ "443 போர்ட் திறந்துதான் சார் இருக்கு" என்கிறார். ஏஜென்டை அழித்துத் திரும்பப் போட்டும் பார்த்துவிட்டேன். என்ன செய்யலாம்?

பதில்: முதலில், ஏஜென்டை இன்னொரு முறை அழிக்காதீர்கள். அழித்தால் பழைய லாகும் (ஏஜென்ட்டின் செயல் பதிவு) கூடவே போய்விடும். விடை இருப்பது அதில்தான். இரண்டாவது, நீங்கள் எழுதியிருப்பது ஒரு கோளாறு இல்லை, நான்கு. "ஏஜென்ட் கனெக்ட் ஆகவில்லை" என்று ஒரே பெயர் வைத்து ஒரே மருந்தைத் தேடினால் எதுவும் சிக்காது.

ஃபயர்வால்காரர் சொல்வது பொய்யில்லை, பாதி உண்மை. கிளவுட் ஏஜென்ட்கள் பெரும்பாலும் கேட்பது வெளியே போகும் 443 (பாதுகாப்பான வெப் போக்குவரத்துக்கான போர்ட்) ஒன்றைத்தான். உள்ளே வரும் போர்ட் எதையும் திறக்க வேண்டாம், நிலையான ஐபி-யும் வேண்டாம். (ஸாபிக்ஸ் போன்ற கண்காணிப்பு மென்பொருள்கள் 10050, 10051 போர்ட்களைப் பயன்படுத்தும், அது வேறு கதை.) ஆனால் போர்ட் திறந்திருக்கிறது என்றால் டிசிபி ஹேண்ட்ஷேக் (இரு கம்ப்யூட்டர்களின் முதல் கைகுலுக்கல்) முடிந்தது என்று மட்டும்தான் பொருள். அதற்கு முன்னால், பெயரை ஐபி முகவரியாக்கும் டிஎன்எஸ் சரியான முகவரியைத் தர வேண்டும். அதற்குப் பின்னால் டிஎல்எஸ் பேச்சு (குறியாக்கத்துக்கான உடன்பாடு) முடிய வேண்டும், சேவையின் அடையாளச் சான்றான சர்டிபிகேட்டை ஏஜென்ட் நம்ப வேண்டும், கடைசியாக உங்கள் ஏபிஐ கீயை (உங்கள் கணக்குக்கான ரகசியக் குறியீடு) சேவை ஏற்க வேண்டும். விண்டோஸ் பவர்ஷெல்லில் போர்ட்டைச் சோதிக்கும் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் "ட்ரூ" என்று காட்டியதும் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

அதைவிட, ஒரு முகவரிக்குக் கோரிக்கை அனுப்பிப் பார்க்கும் கர்ல் கட்டளை நல்ல சாட்சி. ஏஜென்ட் பேசும் முகவரியை அதன் கான்ஃபிக் ஃபைலிலிருந்து எடுத்து, கர்ல் கட்டளையில் விரிவான வெளியீட்டுக்கான வி ஆப்ஷனோடு ஓட்டுங்கள். தோற்றால் ஓர் எண் தரும். 6 என்றால் பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை. 7 என்றால் இணைப்பே அமையவில்லை. 28 என்றால் காத்திருந்து நேரம் தீர்ந்துவிட்டது. 35 என்றால் டிஎல்எஸ் பேச்சு முறிந்தது. 60 என்றால் சர்டிபிகேட்டை நம்ப முடியவில்லை. மாறாக 401 (கீ ஏற்கப்படவில்லை), 404 (அந்த முகவரி இல்லை) போன்ற பதில் வந்தால் சந்தோஷப்படுங்கள்: சேவை வரை பாதை சரி, கீயையோ முகவரியையோ பார்த்தால் போதும். 403 (அனுமதி மறுப்பு) மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். ஃபயர்வாலின் தடைப் பக்கமும் அதே எண்ணோடு வரலாம் என்பதால் பதிலுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். 407 வந்தால் நடுவில் ஒரு ப்ராக்ஸி (இணையத்துக்குப் போகும் வழியில் நிற்கும் இடைத்தரகர் சர்வர்) உட்கார்ந்து பாஸ்வேர்டு கேட்கிறது.

இனி அந்த இரண்டு சர்வர்கள். குரோம் திறக்கிறது, ஏஜென்ட் இணையவில்லை. இதைக் கேட்டதும் நான் சந்தேகப்படுவது இரண்டைத்தான். குரோம் ஓடுவது உங்கள் லாகினில். ஏஜென்ட் ஓடுவது விண்டோஸில் பெரும்பாலும் லோக்கல் சிஸ்டம் கணக்கில், லினக்ஸில் தனக்கென ஒரு பயனர் கணக்கில். உங்கள் லாகினுக்குப் போட்ட ப்ராக்ஸி அமைப்பு அந்தக் கணக்குக்குத் தெரியாது. விண்டோஸில் நெட்ஷ் வின்எச்டிடிபி ஷோ ப்ராக்ஸி என்ற கட்டளை "டைரக்ட் ஆக்சஸ்" என்று காட்டி, உங்கள் அலுவலகமோ ப்ராக்ஸி வழியாகத்தான் வெளியே போகிறது என்றால், கோளாறு அதுவாக இருக்க நிறைய வாய்ப்பு. பல ஏஜென்ட்கள் ப்ராக்ஸியைத் தங்கள் கான்ஃபிக் ஃபைலில் தனியாகவும் கேட்கும். லினக்ஸில் பாஷ் புரொஃபைலில் எழுதிய ப்ராக்ஸி வரியை, சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டி எட்டிக்கூடப் பார்க்காது. அந்த சர்வீஸின் யூனிட் ஃபைலில் என்விரான்மென்ட் வரியாகச் சேர்த்து, டீமன்-ரீலோட் செய்து, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். எதைச் சோதித்தாலும் ஏஜென்ட்டின் கணக்கிலிருந்தே சோதியுங்கள். லினக்ஸில் சுடோவுக்குப் பயனர் பெயர் கொடுத்தால் போதும். விண்டோஸில் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பின் பிஎஸ்எக்ஸெக்கை எஸ் ஆப்ஷனோடு ஓட்டலாம்.

ப்ராக்ஸியே இல்லை என்றால் இரண்டாவது சந்தேகம் அந்தப் புது ஃபயர்வாலின் எஸ்எஸ்எல் இன்ஸ்பெக்‌ஷன். உங்கள் விஷயத்தில் என் பந்தயம் இதன் மேல்தான். அது குறியாக்கிய போக்குவரத்தை நடுவில் பிரித்துப் பார்த்து, சேவையின் சர்டிபிகேட்டுக்குப் பதில் தன் சொந்தச் சர்டிபிகேட்டை வைத்து அனுப்பும். ஃபயர்வாலின் ரூட் சர்டிபிகேட்டை விண்டோஸ் ஸ்டோரில் (விண்டோஸின் நம்பகச் சர்டிபிகேட் பட்டியல்) போட்டிருப்பார்கள். குரோம் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளும். சில ஏஜென்ட்களோ தமக்கென ஒரு நம்பகப் பட்டியலைக் கூடவே கொண்டுவருகின்றன. விண்டோஸ் ஸ்டோரில் என்ன இருந்தாலும் அவற்றுக்கு அக்கறை இல்லை. விண்டோஸோடு வரும் கர்லும் அதே விண்டோஸ் ஸ்டோரைத்தான் பார்க்கிறது; ஆகவே அங்கே கர்ல் வெற்றி பெற்றாலும் ஏஜென்ட் தோற்கலாம். வெற்றியா தோல்வியா என்று பார்க்காதீர்கள், சர்டிபிகேட்டை வழங்கியவர் யார் என்று பாருங்கள். குரோமில் அந்த முகவரியைத் திறந்து சர்டிபிகேட் விவரத்துக்குப் போனால் வழங்கியவர் பெயர் இருக்கும். லினக்ஸில் ஓபன்எஸ்எஸ்எல் எஸ்-கிளையன்ட் காட்டும். அங்கே உங்கள் ஃபயர்வால் கம்பெனியின் பெயர் நின்றால் திருடன் சிக்கிவிட்டான்.

தீர்வு: சேவையின் ஆவணத்தில் உள்ள டொமைன் பெயர்களை இன்ஸ்பெக்‌ஷனிலிருந்து விலக்கச் சொல்லுங்கள். ஐபி கொடுத்து விலக்காதீர்கள். கிளவுட் ஐபி-கள் மாறிக்கொண்டே இருக்கும், அடுத்த மாதம் இதே கேள்வியை எழுதுவீர்கள். ஏஜென்டில் சர்டிபிகேட் சோதனையையே அணைத்துவிடும் ஆப்ஷன் ஒன்று இருக்கும். யார் சொன்னாலும் அதைத் தொடாதீர்கள்.

மூன்றாவது சர்வர் எனக்குப் பிடித்த கோளாறு. பச்சை விளக்கு எரிய, "உயிரோடு இருக்கிறேன்" என்று சொல்லும் ஒரு சின்ன ஹார்ட்பீட் பாக்கெட் போதும். அளவீடுகள் மூட்டையாகச் சேர்ந்து பெரிய பாக்கெட்டாகப் போகும். சின்னது போய்ப் பெரியது போகவில்லை என்றால் எம்டியு-வைத்தான் (லைன் ஒரே தடவையில் ஏற்கும் பாக்கெட்டின் உச்ச அளவு) பார்க்க வேண்டும். ரயில்வே தரைப்பாலத்தில் பைக் எல்லாம் போய்விடும், வைக்கோல் லாரிதான் மாட்டும். பிபிபிஓஇ (யூசர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் முறை) வழியாக வரும் பிராட்பேண்டில் வழக்கமான 1500 பைட்டில் 8 பைட் போய் 1492தான் மிஞ்சும். "உன் பாக்கெட் பெரிது, சின்னதாக்கு" என்று திருப்பிச் சொல்லும் ஐசிஎம்பி செய்தியைப் பாதுகாப்பு என்ற பெயரில் ஃபயர்வால் விழுங்கிவிட்டால், சர்வருக்கு விஷயமே தெரியாது, அனுப்பியதையே அனுப்பிக்கொண்டிருக்கும்.

சோதிப்பது எளிது. அந்த சர்வர் புது லைன் வழியாகத்தான் வெளியே போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பிங்குக்குப் பதில் தரும் ஒரு வெளி முகவரிக்கு, துண்டாக்கக் கூடாது என்ற ஆப்ஷனோடு (விண்டோஸில் எஃப், லினக்ஸில் எம் டூ) 1472 பைட் அனுப்புங்கள். பாக்கெட்டின் ஹெடர் 28 பைட் சேர்ந்து 1500 ஆகும். அது போகாமல் 1464 மட்டும் போனால் லைனின் எல்லை 1492தான் என்பது உறுதி. ஃபயர்வாலில் அந்த லைனுக்கு எம்எஸ்எஸ் அளவை (ஒரு பாக்கெட்டில் ஹெடர் நீங்கலான தரவின் உச்ச அளவு) 1452 என்று வைக்கச் சொல்லுங்கள், அந்த ஐசிஎம்பி செய்தியையும் விடச் சொல்லுங்கள். ஒவ்வொரு சர்வரிலும் எம்டியு-வைக் குறைத்துக்கொண்டு அலைய வேண்டாம்.

நான்காவது, கரண்ட் போனால் துண்டிப்பது. கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டின் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்திருந்தால் சர்வர் எழும்போது பழைய தேதியில் எழும். வேலூர் வெயிலில் ஏசி சரியாக ஓடாத அறை என்றால் அந்தப் பேட்டரி சீக்கிரமே போவதில் அதிசயமில்லை. தேதி தவறாக இருந்தால் செல்லுபடியாகும் சர்டிபிகேட்கூட "இன்னும் தொடங்கவில்லை" என்று தெரியும். அமேசான் கிளவுட்வாட்ச் போன்றவை கோரிக்கையிலேயே நேரத்தைச் சேர்த்துக் கையொப்பமிடுவதால் 5 நிமிடம் தாண்டினாலே மறுத்துவிடும். பிறகு நெட்வொர்க் வழியாகக் கடிகாரத்தை ஒத்துவைக்கும் என்டிபி நேரத்தைச் சரிசெய்ததும் ஏஜென்ட் தானாக வரும். நீங்கள் பார்ப்பது அதுவாகத்தான் இருக்க வேண்டும். டொமைனில் சேராத விண்டோஸ் சர்வரில் வழக்கமான அமைப்பின்படி 15 மணி நேரத்துக்கு மேல் பிசகினால் அது தானாகத் திருத்தவும் செய்யாது. பேட்டரியை மாற்றுங்கள், என்டிபிக்கான யுடிபி 123 போர்ட் வெளியே போகிறதா என்று பாருங்கள். விர்ச்சுவல் மெஷின் (ஒரு சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் சர்வர்) என்றால் அதைத் தாங்கும் ஹோஸ்ட்டின் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள். 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வர்களோடு, அல்லது அவற்றைப் பின்பற்றும் சர்வர்களோடு, கடிகாரத்தை இணைக்கச் சொல்கிறது. எப்படியும் செய்ய வேண்டிய வேலை.

ஆம்பூரில் காணாமல் போன ஐந்தாவது சர்வர் எங்கும் போகவில்லை. ஒரு விர்ச்சுவல் மெஷினில் ஏஜென்டைப் போட்டுவிட்டு அதைக் குளோன் (அப்படியே நகல்) செய்திருப்பீர்கள். இரண்டும் ஒரே அடையாள எண்ணோடு பேசுவதால் சேவைக்கு ஒரே ஆளாகத் தெரிகிறது. குளோனில் ஏஜென்டை நிறுத்தி, அடையாள ஃபைலை நீக்கி, லினக்ஸ் என்றால் மெஷின்-ஐடியையும் புதிதாக்கி, மறுபடி பதிவு செய்யுங்கள்.

டேனரி என்பதால் ஒன்று கூடுதலாக. சர்வர் அறை சுண்ணாம்புத் தொட்டிப் பக்கமோ கழிவுநீர் சுத்திகரிப்புப் பக்கமோ இருந்தால், அங்கு எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு செம்பையும் வெள்ளியையும் அரிக்கும். ஸ்விட்ச் போர்ட்டின் எரர் கவுன்டர் ஏறிக்கொண்டே இருந்தால், சாஃப்ட்வேரை விட்டுவிட்டு வயரையும் போர்டையும் பாருங்கள்.

ஃபயர்வால்காரரை ஒருநாள் கூப்பிட்டு இன்ஸ்பெக்‌ஷன் விலக்கு, எம்எஸ்எஸ், என்டிபி மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம். பிறகும் கர்ல் 35 தந்தால் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் வயதைப் பாருங்கள். டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டும் 2021 மார்ச்சிலேயே கைவிடப்பட்டவை. விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 போன்ற பழையவற்றில் 1.2-ஐ நாமாக இயக்க வேண்டியிருக்கும். சேவையின் சப்போர்ட்டுக்கு எழுத நேர்ந்தால் கர்ல் வெளியீட்டையும், துண்டித்த நேரத்தைச் சுற்றியுள்ள ஏஜென்ட் லாகையும் அனுப்புங்கள். லாகில் நேரம் உலகப் பொது நேரமான யுடிசி-யில் இருந்தால் 5 மணி 30 நிமிடம் கூட்டிப் படியுங்கள். அனுப்புமுன் அதில் ஏபிஐ கீ எங்காவது தெரிகிறதா என்று பார்த்து மறைத்துவிடுங்கள்.