சூப்பர்வைசர் ‘மேட்’ என்கிறார்… நான் என்ன சொல்ல?

கேள்வி: மெல்பர்னில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. சூப்பர்வைசருக்கு 55 வயதிருக்கும். எல்லோரையும் ‘மேட்’ (நண்பா) என்றுதான் கூப்பிடுவார், என்னையும். போன வாரம் சரக்கை மாற்றி அடுக்கிவிட்டேன். ‘லுக், மேட்…’ என்று ஆரம்பித்தார். குரலே வேறு மாதிரி இருந்தது. இதில் எது நிஜம்? நான் அவரை ‘சார்’ என்றால் நெளிகிறார். திருப்பி ‘மேட்’ என்று கூப்பிடலாமா?

பதில்: ‘வாங்க தம்பி, சாப்பிட்டீங்களா’ என்று ஒருவர் கேட்டால் உள்ளே போய் உட்காருவீர்கள். அவரே ‘இங்க பாருங்க தம்பி…’ என்று ஆரம்பித்தால்? அடுத்து வசவு வரப்போகிறது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆஸ்திரேலியர்களின் ‘மேட்’டும் அப்படித்தான்.

வாக்கியத்தின் கடைசியில் லேசாக வந்து விழுந்தால் கவலையில்லை. பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவரிடம் சொல்கிறார்களே, ‘தேங்க்ஸ், மேட்’, அந்த மாதிரி. ‘லுக்’, ‘லிஸன்’ என்பவற்றின் பின்னால், முன்வரிசையில் வந்து நின்றால் எச்சரிக்கை. ‘மைஇஇட்’ என்று நீட்டினால் (அவர்கள் வாயில் அது ‘மைட்’ என்றுதானே கேட்கும்) வெகுநாள் கழித்துப் பார்த்த குஷியாக இருக்கலாம், ‘என்னப்பா இப்படிப் பண்ணிட்டே’ என்ற சலிப்பாகவும் இருக்கலாம். அதற்கு முகத்தைத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று: பெயர் மறந்துபோனால் அவர்களுக்குக் கைகொடுப்பதும் இதுதான். உங்கள் பெயர் அவர் வாயில் நுழையவில்லையோ என்னவோ!

சொல்லின் பூர்வீகம் எனக்குப் பிடிக்கும். பழைய ஜெர்மானியக் கிளைமொழி ஒன்றிலிருந்து வந்தது. ‘மீட்’ என்ற சொல்லுக்குச் சொந்தம். அந்தக் காலத்தில் ‘மீட்’ என்றால் கறி மட்டுமில்லை, சாப்பாடே அதுதான். ஆக, மேட் என்பவன் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறவன்.

2005-இல் கான்பெர்ரா நாடாளுமன்றக் கட்டடத்தில் காவலர்கள் வருகிறவர்களை ‘மேட்’ என்று அழைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். பிரதமர் ஜான் ஹோவார்டே அதை அபத்தம் என்றார். ஒரே நாளில் உத்தரவு வாபஸ். அந்தச் சொல்மேல் அவருக்கு ஏற்கெனவே ஒரு பிரியம் உண்டு. 1999-இல் அரசியல் சட்ட முகவுரைக்கான வரைவில் ‘மேட்ஷிப்’பை, அதாவது தோழமையை, நுழைக்கப் பார்த்தவர் அவர். எதிர்ப்பு வந்து அந்தச் சொல்லை எடுத்தார்கள். பிறகு அந்த முகவுரையையே மக்கள் வாக்கெடுப்பில் தோற்கடித்தார்கள். மேட்ஷிப் என்பது ஆம்பளைங்க சங்கதி என்று பெண்களில் பலர் அப்போது முகம் சுளித்தது நியாயம்தான். இன்று பெண்களும் ‘மேட்’ என்று தாராளமாகச் சொல்கிறார்கள். ஆனாலும் முன்பின் தெரியாத பெண்ணிடம் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

சூப்பர்வைசர் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே ‘சார்’ என்பது மரியாதையாகக் கேட்காது. ஒன்று விலகி நிற்கிறீர்கள், அல்லது கிண்டல் பண்ணுகிறீர்கள். அதனால்தான் நெளிகிறார். பெரும்பாலான இடங்களில் முதலாளியையே பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். நமக்கு 55 வயசுக்காரரைப் பெயர் சொல்ல நாக்கு எழாது, தெரியும். முதலில் கிளம்பும்போது ‘ஸீ யா, மேட்’ என்று சொல்லிப் பழகுங்கள். போகிற போக்கில் சொல்வதால் கூச்சம் தெரியாது. அவர் திட்டிக்கொண்டிருக்கும்போது மட்டும் ‘எஸ், மேட்’ வேண்டாம். வெறும் ‘ஸாரி, சரி பண்ணிடறேன்’ போதும்.

யாராவது உங்கள் காரை ‘மேட்ஸ் ரேட்’டில், அதாவது நட்புக்காகக் குறைத்து, ரிப்பேர் செய்து தருகிறேன் என்றால், தொகையை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.